காட்டுநொச்சி வளைவு

பஸ் ஏறி உட்கார்ந்த கையோடு கேட்டுவிட வேண்டும் என்றுதான் உலகம்மாள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே முடிவு பண்ணியிருந்தாள். உட்கார்ந்தும் ஆயிற்று, ஜன்னலோரத்தைச் சீனியம்மாள் அக்காவுக்கு விட்டுக்கொடுத்தும் ஆயிற்று, கண்டக்டர் இரண்டு சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு முன்பக்கம் போயும் ஆயிற்று, வாய்தான் திறக்கவில்லை. மடியில் இருந்த பைக்குள் மனு இருக்கிறது. காட்டுநொச்சி வளைவை எடுத்துவிட்டு ரோட்டை நேராகப் போடக் கூடாது, போட்டால் ஊருக்குள் பஸ் வராது என்று வார்டு மெம்பர் செவத்தையா டைப் அடித்து வாங்கிவந்த மனு. ஊரில் நாற்பத்து மூன்று வீடு, மனுவில் நாற்பத்திரண்டு கையெழுத்து. பாக்கி ஒரு கையெழுத்துக்குரிய ஆள்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பதினோரு மணிக்கு மேலவாசல்புரம் யூனியன் ஆபீசில் ரோட்டு அதிகாரிகள் கருத்துக் கேட்கிறார்கள். மற்றவர்கள் லோடு வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள், வேன் என்றால் அக்காவுக்குக் குமட்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி இவர்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் அனுப்பியது செவத்தையாவின் ராஜதந்திரம். நீங்கள் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், உங்கள் பேச்சைத்தான் அது கேட்கும், ஒரு மணி நேரம் இருக்கிறது, பக்குவமாய்ப் பேசி வாங்கிவிடுங்கள் என்று காதோரமாய்ச் சொன்னான். சொல்லுவான், அவனுக்கென்ன. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வளைவில் செத்துக் கிடந்தது சீனியம்மாளின் ஒரே மகன் பூவலிங்கம். இருபத்திரண்டு வயது. விடியற்காலை வேலைக்குப் போனவன் பாலத்துத் திருப்பில் எதிரே வந்த லாரியைப் பார்க்கவில்லை, லாரிக்காரனும் அவனைப் பார்க்கவில்லை, அங்கே யாராலும் யாரையும் பார்க்க முடியாது, அப்படி ஒரு வளைவு. பிள்ளையைத் தின்ற வளைவு இருக்கட்டும் என்று பெற்றவளிடம் எந்த வாயால் கையெழுத்துக் கேட்பது, அதுவும் இந்த வாயால்.

இந்த வாயால் என்று நினைத்ததுமே அந்தப் பழைய பயம் புரண்டு படுத்தது. அதைத் தட்டித் தூங்கவைக்க உலகம்மாளுக்குத் தெரிந்த ஒரே வழி வெளியே பார்ப்பது, கல்லை எண்ணுவது. இருபத்தெட்டு. காட்டுநொச்சி நிறுத்தத்துக் கல் இருபத்தேழு, மேலவாசல்புரம் ஐம்பத்திரண்டு, நடுவில் உள்ள அத்தனை கல்லும் பச்சைத் தலையும் வெள்ளை உடம்புமாக நிற்கின்றன. பச்சைத் தலை வைத்தால் அது மாநில நெடுஞ்சாலை என்று மகள் தமயந்தி ஆறாவது படிக்கும்போது வந்து சொன்னாள், நம்ம ஊர் ரோடு பெரிய ரோடு ஆகிவிட்டது அம்மா என்று. ஆட்கள் வந்து பழைய கல்லுக்கே பெயிண்ட் அடித்துப் பச்சை பூசிவிட்டுப் போனார்கள், ரோடு அதே ரோடு, குழி அதே குழி, ஆனாலும் ஊரில் எல்லோரும் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். அதற்கு முன்னால் அது ஜில்லா ரோடு, அதற்கு முன்னால் கப்பி ரோடு, அதற்கும் முன்னால் பருத்தி வண்டிகள் போன தடம். பருத்தி வண்டித் தடத்துக்கு வடக்கு தெற்கு என்று ஒரு நியாயம் கிடையாது, எந்த ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் உண்டோ அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகும், அதனால்தான் முள்ளிக்குறிச்சியில் ஊரணிக்கரையை ஒட்டிப் போகிறது, பஞ்சாலை நிறுத்தத்தில் ஆலைச் சுவரை ஒட்டிப் போகிறது. ரோட்டில் உள்ள ஒவ்வொரு வளைவுக்கும் யாராவது காரணம் சொல்லுவார்கள். இங்கே ஒரு கோயில் மரம் இருந்தது, வெட்ட விடவில்லை. இங்கே ஒரு பெரிய பண்ணையார் தன் புஞ்சையை விடவில்லை. காட்டுநொச்சி வளைவுக்கு மட்டும் காரணம் தெரியாது. ரோட்டு ஆபீஸ் நோட்டீசிலேயே போட்டிருக்கிறான், செவத்தையா வாசித்துக் காட்டினான், மூல வரைபடத்தில் இல்லாத, காரணம் அறியப்படாத வளைவு என்று. காரணம் பஸ்ஸில் இடப்பக்கம் நாலாவது சீட்டில் உட்கார்ந்து கல்லை எண்ணிக்கொண்டிருக்கிறது.

முப்பத்தொன்று. முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மழை, அவளுக்குக் கல்யாணமாகி மூன்று மாசம், பத்தொன்பது வயது. எட்டு நாளாய் விடாத மழையில் ஒரு வீட்டிலும் காய்ந்த விறகு கிடையாது, ஈரச் சுள்ளியை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, மாமியார் முகமும் சிவந்து, உலை மட்டும் கொதிக்காது. அன்று காலையில் மழை ஒரு நாழிகை ஓய்ந்தது. கணுக்கால் தண்ணீரில் ஓடையைத் தாண்டி அக்கரைக்கு விறகு தேடிப் போனவள் கண்ணில் பட்டன அந்தக் குச்சிகள். வரிசையாக, கோலப்புள்ளி வைத்ததுபோல், வைரம் பாய்ந்த கருவேலங்குச்சி, தலையில் சிவப்புப் பெயிண்ட். பிறந்த ஊரில் ரோடும் கிடையாது சர்வேயும் கிடையாது, அவளுக்கு என்ன தெரியும், யாரோ ஆடு அடைக்கப் பட்டி போட்டிருந்தார்கள், கலைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தாள். ஈரமண்ணில் இழுத்த இழுப்புக்கு வந்தன. இருபத்தொன்று. எண்ணிக்கொண்டே பிடுங்கினாள், அந்தப் பாழாய்ப்போன எண்ணும் பழக்கம் அன்றைக்கும் இருந்தது. மத்தியானம் இரண்டு குச்சியில் ஒரு உலை கொதித்துவிட்டது, அப்படிப்பட்ட விறகு. சாப்பிட உட்கார்ந்த மாமனார் பேச்சுவாக்கில் சொன்னார், அக்கரையில் கவர்மெண்டு குச்சி நட்டிருக்கிறான், ரோடு வரப்போகிறது, அதைத் தொட்டால் ஜெயில் என்று. சாயந்தரம் மறுபடியும் மழை, யாருக்கும் தெரியாமல் சாக்குக்குள் பத்தொன்பது குச்சியையும், எரிந்த இரண்டுக்குப் பதிலாகச் செம்மண்ணைக் குழைத்துத் தலையில் பூசிய இரண்டு வேலிக்கம்பையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனால், ஓடை காலையில் பார்த்த ஓடை இல்லை. இடுப்புக்கு மேல் சுழித்துக்கொண்டு போகிறது. அக்கரைக்கு எப்படிப் போவது. திரும்பக் கொண்டுபோனால் வீட்டில் எங்கே ஒளிப்பது. நின்று அழுதாள். அழுதுகொண்டே, வரிசைதானே வேண்டும், வரிசையாய் இருந்தால் போதும் என்று இக்கரையிலேயே ஒரு கல்லால் அடித்து அடித்து இருபத்தொன்றையும் நட்டுவிட்டு வந்தாள்.

வரிசையாய் இருந்தால் போதும் என்றுதான் சர்க்காரும் நினைத்ததோ என்னவோ. தையில் வேறு ஓவர்சியர் வந்தார், குச்சி போன வழியில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், கோடு போன வழியில் கப்பி கொட்டினார்கள். ஊருக்கு வடக்கேயே ஓடையைத் தாண்டி அக்கரையோடு போயிருக்க வேண்டிய ரோடு இக்கரையிலேயே வந்து, காட்டுநொச்சியின் வாசலைத் தொட்டு, தெற்கே போனபிறகு வெடுக்கென்று திரும்பிப் பாலம் ஏறியது. சர்க்கார் மனசு மாறிவிட்டது என்று ஊரில் குலவை போட்டார்கள். அரை மைல் கரிசல் சேறு இல்லாமல் வாசலுக்கு ரோடு என்றால் சும்மாவா, மழைக்காலத்தில் அந்தச் சேற்றில் இறங்கிய வண்டிச் சக்கரம் தை பிறந்துதான் வெளியே வரும். குலவை போட்ட கூட்டத்தில் உலகம்மாளும் நின்று குலவை போட்டாள், நாக்கு வறண்டு சத்தமே வரவில்லை. சாமி குத்தம் மாதிரி என்றைக்காவது கேட்டு வருவார்கள் என்று ஒரு வருஷம் ஜீப் சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள் போய்விடுவாள். யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் நல்லதுதான். ஆறு ஐம்பது பஸ் வந்தது, பால் வண்டி வந்தது, பருத்தி ஏற்ற லாரி வாசலுக்கே வந்தது. கட்டுவிரியன் கடித்த அவள் புருஷனைத் தூக்கிப்போட அரிசி வேன் ஒன்று அந்த நேரம் பார்த்து வந்தது, இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். மனிதர் இன்றைக்கும் காலையில் கருப்பட்டிக் காப்பியில் இனிப்புப் போதாது என்று சண்டை போட்டுவிட்டுத்தான் போனார். தமயந்தி அந்த ஆறு ஐம்பதில் ஏறிப் போய்ப் போய்த்தான் நர்ஸ் ஆனாள். ரோடே, நீ நல்லாயிரு என்று உலகம்மாள் எத்தனையோ நாள் வாசல் தெளிக்கும்போது அந்தத் தாருக்கும் ஒரு கை தண்ணீர் தெளித்திருக்கிறாள், சும்மா, யாரும் பார்க்காதபோது. அவ்வளவு நன்றி அவளுக்கு அதன்மேல். நன்றி சொல்லிக்கொண்டே போகும் மனசு ஒவ்வொரு தடவையும் பாலத்துத் திருப்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். என் புருஷனைக் காப்பாற்றிய அதே குச்சிகள்தான் அக்கா பிள்ளையைக் கொன்றன. நட்டது ஒரே கை.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. கடலைத்தொலி உடைபடும் சத்தம். அக்கா அவித்த கடலை கொண்டுவந்திருக்கிறாள், பொட்டலத்தைப் பிரித்துத் தானாகவே ஒரு பிடி எடுத்து உலகம்மாள் கையில் வைத்தாள், காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று. சாப்பிடவில்லைதான், இவளுக்கு எப்படித் தெரியும். எல்லாம் தெரியும் இவளுக்கு. பிரசவத்துக்குப் பிறகு உலகம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது தமயந்திக்கு நாற்பது நாள் பால் கொடுத்தது இவள், அப்போது பூவலிங்கமும் பால்குடி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்த வருஷம்கூடத் தமயந்தி நர்ஸ் வேலையில் சேர்ந்ததற்கு முதல் ஆளாய் வந்து நெற்றியில் திருநீறு பூசியது இவள்தான். இப்படிப்பட்டவளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷமாய் உட்கார்ந்து, சேர்ந்து களை எடுத்து, சேர்ந்து சினிமாப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறேனே. சொன்னால் என்ன ஆகும். கடலையைப் பறித்துக்கொள்வாளா. பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவாளா. மகன் போன அன்று அழுகைக்கு நடுவே ஒருதரம் நிமிர்ந்து உலகம்மாளை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வையில் இருந்தது என்ன என்று இன்றுவரை பிடிபடவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. சொல்லாமலே கையெழுத்து வாங்கிவிடலாம். அக்கா, ஊர் நன்மைக்கு, ஒரு கையெழுத்து என்றால் போட்டாலும் போட்டுவிடுவாள், மறுத்துப் பேசத் தெரியாதவள். வாங்கிவிட்டு அப்புறம் எப்படிச் சோறு இறங்கும். பிள்ளையையும் எடுத்துக்கொண்டு, எடுத்தது சரி என்று பெற்றவள் கையாலேயே எழுதியும் வாங்கிக்கொண்டவள் என்று ஆகிவிடாதா. அதைவிட இவள் என் மூஞ்சியில் காறித் துப்பினாலும் தேவலை. ஊர் பஸ் போனால் போகட்டும். இல்லை, போகட்டும் என்றும் விட முடியாது, செவத்தையாவின் மருமகள் மாசமாக இருக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினேழு இருக்கின்றன, மெயின் ரோட்டு விலக்கில் இறங்கி அரை மைல் நடக்க வேண்டுமென்றால் பாதிப் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றா, நாற்பத்து நாலா, ஒரு கல்லைத் தவறவிட்டுவிட்டாள்.

கல் தவறியதுதான் சாக்கு. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அக்கா, அந்த வளைவு நான் போட்டது என்றாள். சொன்னபிறகு நிறுத்தவும் முடியவில்லை, ஈர விறகிலிருந்து ஆரம்பித்தாள், மாமனார் சொன்ன ஜெயிலைச் சொன்னாள், செம்மண் பூசிய இரண்டு வேலிக்கம்பைக்கூட விடவில்லை, குனிந்து தன் கையிலிருந்த கடலையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. யாரோ ஒருத்தி சாக்குமூட்டையை இவர்கள் கால் பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போயிற்று, முப்பத்தாறு வருஷம் போயிற்று என்று உலகம்மாளுக்குக் காதுக்குள் இரைந்தது, கடலை கையில் நசுங்கித் தண்ணீராய் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"அன்னைக்குச் சாயந்தரம் ஓடைக்கரையில நீ மட்டுமா நின்ன, உலகு?" என்றாள் சீனியம்மாள், வெளியே பார்த்தபடியே.

கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு மழைக்குச் சாக்கைக் கொங்காணியாய்த் தலையில் போட்டு அவளும் அந்தப் பக்கம் வந்திருக்கிறாள். கருவேல மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். குச்சி அக்கரையில் நின்றது அவளுக்குத் தெரியும், நட்ட நாளில் சர்வேக்காரர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததே அவள்தானாம். புதுசாய் வந்த பெண் அழுதுகொண்டே இக்கரையில் நடுகிறது, ஏ புள்ள, அங்கே இல்லை என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். இதையெல்லாம் அவள் நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் அடுக்கிச் சொன்னாள், குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. உலகம்மாளுக்கு மட்டும் பஸ் எங்கே போகிறது, பகலா இரவா என்று ஒன்றும் ஓடவில்லை. கடைசியில்தான் அக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைய அந்தக் கரிசச் சேத்துலதேன் பறிகுடுத்தேன். வண்டி நகரல, நான் பேறுகால வலியோட வண்டிக்குள்ள கெடக்கேன். அது ஒனக்குத் தெரியாது, நீ வாரதுக்கு முந்தி. அதனால நீ நடுறதப் பாத்துக்கிட்டே நின்னேன். நீ பயந்து நட்ட தாயி. நான் தெரிஞ்சு நின்னேன். அவன் போன அன்னைக்கு ஒன்னயப் பாத்தேனே, இவளுக்குத் தெரிஞ்சிருமோன்னுதேன் பாத்தேன். பெத்தவளே பிள்ளையக் கொன்னுட்டாளேன்னு நெனச்சிருவியோன்னு."

உலகம்மாள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். இத்தனை வருஷமும் ஒரே அடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி பயந்திருக்கிறோமே என்ற நினைப்பில் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா முந்தானையை இழுத்து உலகம்மாளின் உள்ளங்கையை, விரல் விரலாக, பிள்ளைக்குத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டாள். பூவலிங்கம் பிறந்தது அந்த ரோட்டில் வந்த பஞ்சு லாரியில் ஏறிப் போனதால்தான், அவனும் முதல் இரண்டைப்போல கழுத்தில் கொடி மாலை சுற்றித்தான் இருந்தான், ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள் என்றாள். அதே மழை, அதே கரை, மறுபடியும் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் சத்தம் கொடுக்க மாட்டேன் என்றாள். "இருபத்திரண்டு வருசம் எங்கூட இருந்தானே, உலகு." உலகம்மாளுக்கு அந்த நிமிஷம் இந்த உலகத்தில் யாருக்கு என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது, ரோட்டுக்கா, மழைக்கா, அன்றைக்குச் சத்தம் போடாமல் நின்ற இவளுக்கா. இவளுக்குத்தான் என்று தோன்றியது. இவளைக் கொடுத்ததற்கு.

அப்படியானால் ஏன் அக்கா மனுவில் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்க ஐம்பதாவது கல் வரைக்கும் ஆயிற்று. கேட்டதும் அக்காவுக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம், இன்றைக்கு முதல் தடவையாக.

"யாரு வந்து கேட்டா? நாப்பத்திரண்டு வீட்டுப் படி ஏறுன செவத்தையா எங்க வீட்டுப் பக்கம் தலைய நீட்டுனானா? அது போடாதுன்னு அவங்களாவே முடிவு பண்ணிக்கிட்டாங்க. நீயுந்தேன்."

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்து மனுவை எடுத்தாள். வளைவு இருக்கட்டும், ஆனால் திருப்பில் பெரிய கண்ணாடி வைக்க வேண்டும், விளக்குப் போட வேண்டும், பாலத்துக்கு முன்னால் வண்டி மெதுவாய்ப் போகிற மாதிரி மேடு போட வேண்டும், இன்னொருத்தி பிள்ளை விழக்கூடாது, இதையும் அதில் எழுது என்று அக்கா கறாராகச் சொன்னாள். உலகம்மாள் டைப் அடித்த வரிகளுக்குக் கீழே இருந்த இடத்தில் ஒவ்வொன்றாக எழுதினாள், பஸ் குலுங்கிய குலுங்கலில் எழுத்து மேலும் கீழும் போயிற்று. மேலவாசல்புரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கும்வரை இருவரும் இறங்கவில்லை. பஸ் நின்று, இன்ஜின் அணைந்து, ஆட்டம் ஓய்ந்ததும் சீனியம்மாள் மனுவை மடியில் விரித்துப் பேனாவை வாங்கிக்கொண்டாள். அறிவொளி வகுப்பில் படித்த எழுத்து, ஒவ்வொன்றாய் நிதானமாகத்தான் வரும். தன் பேரை எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் மற்றப் பெண்கள் எல்லோரும் புருஷன் பேரையோ அப்பா பேரையோ எழுதியிருந்தார்கள், அப்படித்தான் எழுத வேண்டும் என்று மேலே அச்சடித்தே இருந்தது. அக்கா அதை விரலால் தடவி வாசித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்துக்குள் பூவலிங்கம் அம்மா என்று எழுதினாள். இறங்குங்க ஆத்தா, வண்டி ஷெட்டுக்குப் போகணும் என்று டிரைவர் சொன்னார். மை காயட்டும் என்று உலகம்மாள் அவரிடம் சொல்லிவிட்டுத் தாளை ஊதிக்கொண்டிருந்தாள்.